செருப்பு வாசலோடு நின்றுவிடும்!

மூங்கில்துறைப்பட்டில் என் பெரியப்பா வீட்டுக்குப் போனால், கதவு மூலையில் ஒரு கால் நிற்கும். பயந்துவிடாதீர்கள்... செயற்கைக் கால்தான்! பளபளவென்று கறுப்பு ஷூ மாட்டியபடி, யாரோ அவசரமாகக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போன மாதிரி நிற்கும்.

பெரியப்பா கரும்பு விவசாயி. எங்கள் ஊர் கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் காலமெல்லாம் கரும்பு ஏற்றியவர். கடைசியில் அந்தச் சர்க்கரையே வியாதியாக வந்து காலை வாங்கிக்கொண்டது. சுண்டுவிரலில் வந்த புண் ஆறவே இல்லை. முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டியதாகிவிட்டது. வெளியூரில் ஓரிடத்தில் நல்ல விலை கொடுத்து இந்தக் காலைப் பொருத்தினோம். முழுசாக ஒரு மாதம்கூட அவர் போடவில்லை. மறுபடியும் ஊன்றுகோல்தான்.

"இவ்வளவு காசைக் கொட்டி வாங்கிட்டு, இப்படி மூலையில வெச்சா எப்படி?" என்று வீட்டில் எல்லோரும் பிடித்துக்கொண்டோம். நானும்தான். ஒருநாள் அவரே நிதானமாகச் சொன்னார்.

"சோம்பேறித்தனம் இல்ல தம்பி. வீட்டுக்குள்ள வரணும்னா ஷூவைக் கழட்டணும். கழட்டினா குதிகால் கீழே இறங்கி, ஆளைப் பின்னால சாய்க்குது. போட்டுக்கினே வந்தா உங்க பெரியம்மா விடமாட்டா. வாய்க்கா தண்ணியில நனையக் கூடாதாம். கீழே உக்காந்து சாப்பிட முடியல. நான் என்னா, ஆபீசரா?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்தக் காலைச் செய்தவர் கெட்டிக்காரர்தான். அளவும் சரியாகத்தான் இருந்தது. ஆனால், செய்யும்போது அவர் மனசில் இருந்த வீடு வேறு. அந்த வீட்டில் நாற்காலி, மேஜை, கமோடு உண்டு. அங்கே நாள் முழுக்க ஷூ போட்டிருப்பார்கள். தென்பெண்ணைக் கரையில் வரப்பில் ஏறி இறங்குகிற, சேற்றில் கால் வைக்கிற, சம்மணம் போட்டுச் சாப்பிடுகிற மனுஷன் அந்த வீட்டில் இல்லை.

இதே சங்கடத்தை 1960-களிலேயே ஜெய்ப்பூரில் இரண்டு பேர் கவனித்தார்கள். ஒருவர், சவாய் மான்சிங் மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் பி.கே.சேத்தி. இன்னொருவர், கைவினைக் கலைஞர் ராம்சந்திர சர்மா. கால் பொருத்திக்கொண்டவர்களே அதை விட்டுவிட்டு ஊன்றுகோலோடு நடப்பது அவர்கள் கண்ணில் பட்டது. 1968-ல் ஜெய்ப்பூர் கால் பிறந்தது. ரப்பரும் மரமும் சேர்த்து, டயர் ரீட்ரேடிங் செய்வதைப்போல அச்சில் வைத்துச் சூடாக்கிச் செய்கிற பாதம். கணுக்கால் வளையும். நம் தோல் நிறத்தில், விரல்களோடு இருக்கும். வெறுங்காலோடு நடக்கலாம், குந்தி உட்காரலாம், ஈரத்தில் இறங்கலாம். காலின் மேல்பகுதிக்குப் பிற்பாடு எதை எடுத்தார்கள் தெரியுமா? ஹெச்.டி.பி.இ. பைப்! வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறோமே, அந்த ரகம்தான்.

1981-ல் திருச்சி அருகே பஸ் விபத்தில் சிக்கிக் காலை இழந்த சுதா சந்திரன், மறுபடி சலங்கை கட்டி ஆடியது இந்தக் காலோடுதான். 'மயூரி' படம் பார்த்துக் கண்கலங்கியவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. டாக்டர் சேத்திக்கு அதே 1981-ல் மகசேசே விருது கிடைத்தது. சர்மாவின் பெயர் அந்த அளவுக்கு வெளியே தெரியவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

வெளிநாட்டுக் கால் மட்டம், நம் கால் உசத்தி என்று சொல்ல வரவில்லை. பனி கொட்டுகிற ஊரில் ஷூ இல்லாமல் யார் நடப்பார்கள்? அந்த ஊருக்கு அந்தக் கால் சரி.

இதைத்தான் இன்று 'டிசைன் திங்கிங்' என்று கம்பெனிகளில் வகுப்பெடுக்கிறார்கள். அதில் 'கான்டெக்ஸ்ட்' என்றொரு வார்த்தை அடிக்கடி வரும். சூழல் என்று நாம் சொல்லலாம். ஒரு பொருளை யார், எங்கே, எந்த வழக்கத்தோடு, வீட்டில் யாருடைய பேச்சுக்குக் கட்டுப்பட்டுப் பயன்படுத்துகிறார்கள் என்பதெல்லாம் சேர்ந்தது அது. இந்தத் துறையின் புள்ளிகளான டிம் பிரவுனும் ஜோஸ்லின் வயட்டும் 2010-ல் எழுதிய கட்டுரை, ஹைதராபாத் பக்கத்து ஏழைப் பெண் ஒருத்தியோடுதான் தொடங்குகிறது. அருகிலேயே சுத்திகரித்த தண்ணீர் மலிவாகக் கிடைக்கிறது. அவளோ பழைய போர் தண்ணீரையே பிடிக்கிறாள். குடும்பத்துக்கு அவ்வப்போது உடம்புக்கு வந்தும்கூட! காரணம், சுத்தமான தண்ணீரைப் பிடிக்கக் கொடுத்த செவ்வகக் கேன். 5 காலன், கிட்டத்தட்ட 19 லிட்டர். இடுப்பிலும் நிற்காது, தலையிலும் நிற்காது. நம் குடத்தை நினைத்துப் பாருங்கள். பித்தளை போய் பிளாஸ்டிக் வந்தும் அந்தக் கழுத்தும் வளைவும் போகவில்லையே, ஏன்? இடுப்பு மாறவில்லை!

சரி, பெரியப்பாவுக்கு வருவோம். இப்போது எங்கள் கவலை, மிச்சமிருக்கிற ஒரு காலைப் பற்றி. சர்க்கரை வியாதிக்காரர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டால், முள் குத்தினாலும் தெரியாது, கோயில் பிராகாரத்துக் கல் சுட்டாலும் தெரியாது. அதனால்தான் மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பைப் போடச் சொல்கிறார்கள். செருப்பு நழுவினால்கூடத் தெரியாது என்பதால் பின்னால் வார் வைத்துத் தருகிறார்கள். ரொம்ப நல்ல செருப்பு. ஆனால், நம் வீட்டில் செருப்பு வாசலோடு நின்றுவிடுமே! ஒரு நாளில் நாம் அதிகம் நடப்பது வீட்டுக்குள்தானே? அங்கே வெறுங்கால். கோயிலில் வெறுங்கால். பக்கத்துத் திருவண்ணாமலையில் கிரிவலம் போனால் 14 கிலோமீட்டரும் வெறுங்கால்.

சீட்டில் 'செருப்பு அணியவும்' என்று எழுதினால் போதாது என்பது என் கட்சி. "வீட்டுக்குள்ள போடுவீங்களா? கோயிலுக்குப் போவீங்களா, எத்தனை மணிக்கு?" என்று கேட்கவேண்டும். அவர்கள் கேட்காவிட்டால் நாமே சொல்லிவிடவேண்டும். வெயில் ஏறும் முன் கோயிலுக்குப் போய்வரலாம். ராத்திரி படுக்கும் முன் கண்ணாடி பிடித்து உள்ளங்காலைப் பார்த்துக்கொள்ளலாம். இதெல்லாம் கேட்டால்தானே வரும்!

பெரியப்பாவைப் பார்க்கிற டாக்டரம்மா கேட்டார். பெரியம்மா முகம் சுருங்கியது. "செருப்பா? வூட்டுக்குள்ளயா? நான் சாமி விளக்கு ஏத்தற வூடும்மா!"

டாக்டரம்மா வாதாடவில்லை. "வெளியே போட்டது வேண்டாம்மா. புதுசா இன்னொரு ஜோடி வாங்குங்க. அது வாசப்படி தாண்டவே வேண்டாம்" என்றார். வேறு கலரில் வாங்கினோம். 'உள் செருப்பு' என்று பெரியம்மாவே பெயர் வைத்து, தினமும் துடைத்துக் கட்டில் ஓரத்தில் வைக்கிறார். பூஜை அறை வாசல்வரை அதற்கு அனுமதி உண்டு. அதற்கு மேல் பெரியப்பாவுக்காக ஒரு பழைய ஜமக்காளத்தை நாலாக மடித்துப் போட்டிருக்கிறார்.