சாக்கடையிற் போகும் மணிச்சத்து

மணிச்சத்து இன்றிப் பயிர் வேரூன்றாது, கதிர் முற்றாது என்பது குடியானவர் யாவரும் அறிந்ததே. அவ்வுரத்துக்கு மூலமான பாஸ்பேட் பாறையில் பெரும்பகுதி இந்தியாவுக்கு அயல்நாடுகளிலிருந்தே வருகிறது. இவ்வாறு பொருள் கொடுத்து வாங்கி நிலத்திலிட்ட சத்தில் ஒரு பங்கு, தானியத்தோடு பட்டணம் சென்று, சாக்கடை வழியாக ஏரிகளையும் ஆறுகளையும் அடைகிறது. வயலில் நெல்லை வளர்க்கும் அச்சத்தே நீர்நிலைகளில் பாசியையும் ஆகாயத்தாமரையையும் வளர்த்து, மதகுகளையும் வாய்க்கால்களையும் அடைத்துவிடுகிறது.

படிகாரத்தையோ இரும்பு உப்புக்களையோ கலந்து கழிவுநீரிலுள்ள மணிச்சத்தைப் படியச் செய்யலாம். ஆயின் மருந்துச் செலவு நாடோறும் உண்டு. அவ்வுப்புக்களோடு இறுகிய சத்தும் பயிருக்கு எளிதிற் கிட்டுவதில்லை.

இதனினும் மேலானது பாக்டீரியாக்களைக் கொண்டு செய்யும் முறை. கழிவுநீரும் வண்டலும் கலந்து காற்றுப்படாத தொட்டியில் நிற்கும்பொழுது, சிலவகை பாக்டீரியாக்கள் தம்மிடமுள்ள மணிச்சத்தை வெளிவிட்டு, நீரிலுள்ள அமிலங்களை உணவாகச் சேமிக்கின்றன. அடுத்த தொட்டியிற் காற்றூட்டியதும், வெளிவிட்டதினும் மிகுதியாக மணிச்சத்தை உட்கொள்ளுகின்றன. அச்சமயம் வண்டலைப் பிரித்தெடுத்தால் சத்தும் உடன் நீங்கும். சாதாரண வண்டலின் உலர்ந்த எடையில் நூற்றுக்குச் சுமார் 2 பங்காயிருக்கும் பாஸ்பரஸ், இம்முறையில் 5 முதல் 7 பங்குவரை உயர்வதுண்டு.

வண்டல் கழிவுநீரிலுள்ள பாஸ்பேட்டை விரைவில் ஈர்ப்பதை 1959-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தோர், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஸ்ரீநாத், சாஸ்திரி, பிள்ளை ஆகியோர். 1970-களில் தென்னாப்பிரிக்காவில் ஜேம்ஸ் பர்னார்ட் இதனைப் பெரிய நிலையங்களுக்கேற்ற முறையாக்கினார். அப்பெங்களூரின் கழிவுநீரோ பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வழியே தென்பெண்ணையிற் கலந்து, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணைக்கு வந்து சேருகிறது. மேலே நீக்கப்படாத சத்தின் தீங்கைக் கீழேயுள்ள ஆயக்கட்டுதாரர் அனுபவிக்க நேர்வது நியாயமன்று.

இம்முறைக்கும் இடர்கள் உண்டு. தேர்ந்த மேற்பார்வை வேண்டும். வண்டலைக் காற்றின்றி நெடுநேரம் கிடக்கவிட்டால், அது கொண்ட சத்தை மீண்டும் நீருக்கே கொடுத்துவிடும். தொழிற்சாலைக் கழிவு கலந்த வண்டலில் நச்சு உலோகங்கள் இருத்தல் கூடும். ஆகையால் நோய்க்கிருமிகளை அழித்து, பரீட்சை செய்து, தக்கதென்று கண்ட வண்டலையே வயலுக்கு இடல் வேண்டும்.

இவற்றை எண்ணி இம்முறையைக் கைவிடுதல் தகாது. சுத்திகரிப்பு நிலையம் அமைக்க முனையும் பட்டணங்களிடம், மணிச்சத்தை மீட்கும் ஏற்பாடு உண்டோ என்று கிராம அதிகாரிகளும் நிலச்சுவான்தார்களும் இப்பொழுதே கேட்டல் வேண்டும். நிலத்திலிருந்து போனது நிலத்துக்கே திரும்புதல் அன்றோ முறை?