தஃவாவா, தாவாவா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

ஒலிபெருக்கியில் அடுத்த பள்ளிவாசல்காரரை ஏசினால் அது தஃவா. ஒரு மௌலவியின் பயானைத் துண்டாக வெட்டி வட்ஸ்அப்பில் போட்டு "வழிகேடன்" என்று எழுதினால் அதுவும் தஃவா. இந்தச் சொல்லை நாம் என்ன பாடு படுத்தி வைத்திருக்கிறோம்!

தஃவா என்றால் அழைப்பு. அவ்வளவுதான். ரப்பிடம் கையேந்திக் கேட்கிற துஆவும் அதே வேரில் வந்த சொல். ஒரு முஸ்லிம் இன்னொரு முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமைகள் பற்றிய ஹதீஸ் நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்ததுதான்: ஸலாத்துக்குப் பதில், நோயாளியை நலம் விசாரிப்பது, ஜனாஸாவோடு போவது, தும்மியவருக்குத் துஆ, அழைத்தால் போவது. அந்தக் கடைசி இடத்தில் அறபியில் இருப்பது தஃவா என்ற சொல்தான். வலீமாவுக்குக் கூப்பிடுவதும் தஃவாதான். கலியாணம் சொல்லப் போகிறவர் வாசலில் நின்று வீட்டுக்காரரை ஏசுவாரா?

அதே வேரில் இன்னொரு சொல்லும் உண்டு. அதற்கு வழக்கு, உரிமை கோரல் என்று அர்த்தம். தமிழுக்கு அது "தாவா" என்று வந்து சேர்ந்தது. நம்ம ஊரில் இப்போது நடப்பது இந்த இரண்டாவதுதான். அழைப்பிதழ் கொடுக்க வேண்டியவர்கள் அழைப்பாணை அனுப்புகிறார்கள். முறைப்பாட்டுக்காரரும் அவர்களே, நீதவானும் அவர்களே.

"சத்தியத்தைக் காரமாகத்தானே சொல்ல வேண்டும்" என்பவர்கள் ஸூரா தாஹாவின் 44ஆவது ஆயத்தைப் பாருங்கள். பிர்அவ்னிடம் போகிற மூஸா, ஹாரூன் (அலை) இருவருக்கும் மென்மையாகப் பேசும்படிதான் கட்டளை. பிர்அவ்னுக்குக் கிடைத்த மென்மை நம்ம சாச்சாமாருக்கும் மாமாமாருக்கும் கிடையாதா?

இதன் அறுவடையை வகுப்பறையில் பார்ப்பது ஆசிரியர்களாகிய நாங்கள். பெரியவர்கள் ஒரே சஹனில் உட்கார்ந்து சாப்பிட்ட குடும்பங்களின் பிள்ளைகள், "அவங்க வேற ஜமாஅத், ஸலாம் சொல்லக் கூடாதாம் சேர்" என்கிறார்கள். பதினொரு வயது! இது எந்தப் பாடப் புத்தகத்தில் இருக்கிறது?

நிர்வாக சபையினரிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான். வெளி ஒலிபெருக்கியில் இன்னொரு பள்ளிவாசலின் பெயர் வரக் கூடாது. குழுக்களை நடத்துகிற தம்பிமாரே, அந்த வெட்டி ஒட்டிய வீடியோக்களை இன்றைக்கே அழியுங்கள். மறுப்பு இருந்தால் கீழே எழுதுங்கள், ஏசாமல்.