குடிசை மாற்றமா? குடி அகற்றமா?

சொல்லின் பொருள் இழியுங்கால் அச்சொல்லாற் குறிக்கப்பெறும் மக்களும் இழிக்கப்படுவர். ‘சேரி’ என்னும் நற்றமிழ்ச் சொல்லுக்கு நேர்ந்த கதி இதுவே. சேர்ந்து வாழும் இடம் சேரி. முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, பார்ப்பனர் வாழ்ந்த அவ்வூரையே 12 சேரிகளாகப் பகுத்துக் கூறுகின்றது. இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளிற் கம்மாணச்சேரி உண்டு, ஈழச்சேரி உண்டு, பறைச்சேரி உண்டு, தீண்டாச்சேரி என்னும் கொடுஞ்சொல்லும் உண்டு. குலப்பிளவு அன்றே ஊரைக் கூறுபோட்டிருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும், சேரி என்னும் சொல் அன்று எல்லார்க்கும் பொதுவாக இருந்தது. இன்றோ அச்சொல் ஏழையை மட்டும் சுட்டும் வசையாகிவிட்டது.

‘புறம்போக்கு’ என்னும் சொல்லின் கதையும் அத்தகையதே. தனியொருவர்க்கு உரிமையாகாமல், வரித்தீர்வைக்குப் புறம்பாக, ஊரார் அனைவர்க்கும் பொதுவாக விடப்பட்ட நிலமே புறம்போக்கு. ஏரியும் குளமும் மேய்ச்சல் நிலமும் களமும் அதில் அடங்கும். ஊரின் பொதுச்செல்வத்தைக் குறித்த அச்சொல்லை இன்று தெருச்சண்டையில் ஒருவரையொருவர் இழித்துரைக்கப் பயன்படுத்துகின்றனர். பொதுநிலத்தின் பெயர் வசையான பின்னர், அந்நிலத்திற் குடியிருப்போனை மாந்தனாக மதிப்பார் யார்?

1970-ஆம் ஆண்டு தமிழக அரசு ஒரு வாரியத்தை அமைத்தது. அதன் ஆங்கிலப் பெயர் சேரிகளைத் துடைத்தகற்றும் வாரியம் என்று பொருள்படும். தமிழ்ப் பெயரோ ‘குடிசை மாற்று வாரியம்’ என்பது. இரண்டும் ஒன்றல்ல. ஆங்கிலப் பெயர் அகற்றுவதைப் பேசிற்று. தமிழ்ப் பெயர் மாற்றுவதைப் பேசிற்று. குடிசையை வீடாக மாற்றுவதே தமிழ்ப் பெயரின் உறுதிமொழி; குடியிருப்போனை ஊரைவிட்டு அகற்றுவதன்று. தொடக்க ஆண்டுகளில் வாரியம் தமிழ்ப் பெயருக்குப் பெரிதும் உண்மையாகவே நடந்தது. கடற்கரைக் குப்பங்களிலும் ஆற்றோரங்களிலும், குடிசை இருந்த இடத்திலேயோ அதன் அருகிலேயோ மாடிக்குடியிருப்புகள் எழுந்தன. 1977-க்குப் பின் உலக வங்கிக் கடனுதவியோடு, இருந்த இடத்திலேயே மனையுரிமையும் தெருவும் குழாயும் விளக்கும் தரும் திட்டங்களும் வந்தன. குறைகள் பல இருந்தன. ஆயினும், மீனவன் கடலருகே இருந்தான். கூலியாள் வேலையருகே இருந்தான். பிள்ளை பள்ளியருகே இருந்தது.

2000-ஆம் ஆண்டை ஒட்டி ஆங்கிலப் பெயர் வென்றது. நகருக்குள் நிலம் பொன்னாயிற்று. அடுக்குமாடி வணிகர்க்கும் கணிப்பொறி நிறுவனங்கட்கும் ஆற்றங்கரையும் கால்வாய்க்கரையும் கண்ணுக்கினிய இடங்களாகத் தோன்றத் தொடங்கின. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என நகரின் நடுப்பகுதியிலிருந்து 20 முதல் 30 கி.மீ. தொலைவிற் பல்லாயிரம் வீடுகள் அடுக்கப்பட்டன. நகர்க்குள் வேரூன்றிய மக்களை உந்துகளில் ஏற்றிக் கொண்டுபோய் அங்கே இறக்கினர். வீட்டுவேலை செய்து பிழைத்த பெண்களுக்குப் பேருந்துக் கட்டணமும் வழிநேரமும் கூலியைத் தின்றன. பிள்ளைகள் பலர் பள்ளியை விட்டனர். ஆற்று வெள்ளத்திலிருந்து காக்கவே இடம் மாற்றுவதாக அரசு கூறிற்று. அவ்வாறு மாற்றப்பட்ட செம்மஞ்சேரியோ பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடுத்துள்ளது. 2015-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அதுவும் மூழ்கிற்று! 2021-இல் வாரியத்தின் பெயர் ‘நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்’ என மாற்றப்பட்டது. பெயர் மேம்பட்டது, வாழ்விடம் மேம்பட்டதா?

இச்சிக்கல் சென்னைக்காரர்க்கு மட்டும் உரியதென்று விழுப்புரத்தாரும் திண்டிவனத்தாரும் ஒதுங்கிவிட முடியாது. ஏரிநீர் வற்றி, மணிலாக் கொல்லை பொய்த்த ஆண்டுகளில், இப்பகுதிச் சிற்றூர்களிலிருந்து கொத்தனாராகவும் சித்தாளாகவும் வண்டியேறியவர்கள் எத்தனையோ பேர். சென்னையின் மாளிகைகளைக் கட்டிய கைகளில் இம்மண்ணின் கைகளும் உண்டு. கட்டிய மாளிகையிற் குடியிருக்க அவர்கட்கு இடமில்லை. குடிக்கூலி கொடுக்க வழியில்லை. எனவே கால்வாய்க்கரையிற் குடிசை போட்டனர். அக்கரையிலிருந்தும் இன்று துரத்தப்படுகின்றனர். ஊருக்கே திரும்பலாமெனில், நெடுஞ்சாலையின் இருபுறமும் விளைநிலங்கள் வண்ணக்கல் நட்ட மனைகளாகிவிட்டன. விட்டுச்சென்ற ஊரிலும் நிலமில்லை. சென்று சேர்ந்த நகரிலும் இடமில்லை. தமிழ்நாட்டிற் பிறந்த தமிழனுக்குத் தமிழ்நாட்டிற் கால்வைக்க இடம் எங்கே?

2022 மே திங்களில் சென்னை இராசா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் நடந்ததை மறக்கவியலாது. பக்கிங்காம் கால்வாயோரம் பல்லாண்டுகள் வாழ்ந்தோரின் 250-க்கு மேற்பட்ட வீடுகளை, உச்சநயன்மன்றம்வரை சென்ற வழக்கின் ஆணையைக் காட்டி, இடிபொறிகள் தகர்க்கத் தொடங்கின. மே 5-இல் பன்னிரண்டாம் வகுப்புக்கும் மே 6-இல் பத்தாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வுகள் தொடங்கிய வேளை அது. மே 8-இல் அங்கு வாழ்ந்த ஒருவர் தம்முடலில் தீயிட்டுக்கொண்டு, பின் உயிர்நீத்தார். அதன் பிறகே சட்டமன்றத்தில் முதலமைச்சர் எழுந்து, மயிலாப்பூர், மந்தைவெளிப் பகுதிகளிலேயே அம்மக்கட்கு வீடு ஒதுக்கப்படும் என்றும், இனி மறுகுடியமர்த்தத்திற்கு முன் மக்கள் கருத்துக் கேட்கப்படும் என்றும் அறிவித்தார். அறிவிப்பு நல்லதே. ஆனால், அருகிலேயே வீடு கொடுக்க முடியும் என்பது ஓர் உயிர் எரிந்த பின்னர்தான் அரசுக்குத் தெரிந்ததா? மே 9-இல் இயன்றது ஏப்பிரலில் ஏன் இயலவில்லை?

சட்டம் என்ன சொல்கின்றது? மும்பை நடைபாதை மக்களின் வழக்கையும், சென்னைக் குடிசை மக்கட்காக வழக்கறிஞர் சந்துரு தொடுத்த வழக்கையும் சேர்த்தாய்ந்து 1985-இல் உச்சநயன்மன்றம் தீர்ப்பு வழங்கிற்று. உயிர்வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று அத்தீர்ப்பு ஒப்பிற்று. முன்னறிவிப்பின்றியும் கருத்துக் கேளாமலும் வெளியேற்றல் முறையன்று என்றது. ஆனால், முன்னறிவிப்புக் கொடுத்து வெளியேற்றும் உரிமையை அரசின் கையிலேயே விட்டுவைத்தது. அந்த முன்னறிவிப்பின் அடிப்படையோ பல வேளைகளில் வெள்ளையன் 1905-இல் இயற்றிய நிலக் கவர்வுச் சட்டம்! வழக்கு நடக்கும் மொழியோ ஆங்கிலம். சென்னை உயர்நயன்மன்றத்திற் தமிழ் வழக்குமொழியாதல் வேண்டும் என 2006-இல் சட்டமன்றம் தீர்மானம் இயற்றியும் நடுவணரசு இன்றுவரை இசையவில்லை. தன் வீடு இடிக்கப்படுவதற்குரிய வழக்கைத் தன் மொழியிற் கேட்க முடியாதவன் தமிழ்நாட்டுக் குடிசைவாழ் தமிழன். மொழியுரிமை என்பது புலவர்தம் பொழுதுபோக்கு என்று எள்ளுவோர் இதனை எண்ணிப் பார்க்கட்டும்.

‘ஏரியையும் ஆற்றையும் காக்க வேண்டாவா?’ என்று வினவுவோர் உளர். காத்தேயாக வேண்டும். 2024 நவம்பர் இறுதியிற் பெஞ்சல் புயல் மயிலத்தில் ஏறத்தாழ 50 செ.மீ. மழையைக் கொட்டியதையும், தென்பெண்ணை கரைமீறி ஊர்களை அழித்ததையும் கண்ட இப்பகுதி மக்கட்கு நீர்நிலையின் அருமையை யாரும் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆனால், நீர்நிலையிற் கட்டியவன் குடிசைவாழ்நன் மட்டுமா? மாம்பலம் பேரேரியைத் தூர்த்தெழுந்தது தியாகராய நகர். நுங்கம்பாக்கம் ஏரியில் எழுந்தது வள்ளுவர் கோட்டம். உலகனேரியில் எழுந்தது உயர்நயன்மன்றத்தின் மதுரைக் கிளை. விழுப்புரத்தின் புதிய பேருந்து நிலையமே ஏரி இருந்த இடத்தில் நின்று, மழைதோறும் குளமாகின்றது. அரசு கட்டினால் வளர்ச்சி. செல்வன் கட்டினால் முதலீடு. ஏழை கட்டினால் மட்டும் வன்கவர்வா? 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் காப்புச் சட்டம் ஓலைக்கூரைக்கு ஒரு கண்ணும் கற்காரைக் கூரைக்கு ஒரு கண்ணுமாகப் பார்க்குமானால், அது நீரைக் காக்கும் சட்டமாகாது. நிலத்தைச் செல்வர்க்கு ஒழித்துக்கொடுக்கும் சட்டமாகவே முடியும்.

தமிழுணர்வாளரும் தம் நெஞ்சைத் தொட்டுப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 2001 திசம்பரில் சென்னைக் கடற்கரையிலிருந்து கண்ணகி சிலை அகற்றப்பட்டபோது தமிழுலகம் கொதித்தெழுந்தது. எழுந்தது முறையே, 2006 சூனில் சிலை தன் இடத்திற்கு மீண்டது. அதே ஆண்டுகளில்தான் கண்ணகியின் பெயர் தாங்கிய குடியிருப்புக்குத் தமிழ்க் குடும்பங்கள் உந்து உந்தாகக் கொண்டுபோகப்பட்டன. அவர்கட்காக எத்தனை கூட்டங்கள் கூடின? எத்தனை தீர்மானங்கள் நிறைவேறின? சிலைக்கு இடம் மீட்டுத் தந்த தமிழினம், உயிருள்ள கண்ணகிகட்கு இடம் மீட்டுத் தரவில்லை. புகாரை விட்டுப் பிழைப்புத் தேடி வந்த கண்ணகியை மதுரைப் புறஞ்சேரி ஏற்றது. ஆயர்குல மாதரி தன் இல்லில் இடந்தந்தாள். ‘புறஞ்சேரி இறுத்த காதை’ என்று அவ்விடத்தின் பெயரையே தலைப்பாக்கினார் இளங்கோவடிகள். வந்தாரை ஏற்ற சேரியைப் பெருமையோடு பாடிய இலக்கியத்துக்கு உரியவர்கள், இருந்தாரைத் துரத்தும் ஆட்சியை வாய்பொத்திப் பார்த்திருத்தல் தகுமா?

செய்ய வேண்டுவன தெளிவானவை. வெளியேற்ற ஆணை எதுவாயினும் எளிய தமிழில் வீடுதோறும் தரப்படல் வேண்டும். மாற்றுவீடு, வேலையிடத்துக்கும் பள்ளிக்கும் அருகிலேயே அமைதல் வேண்டும். அவ்வீடு கட்டி முடியுமுன் இருக்கும் வீட்டின்மேல் கைவைக்கலாகாது. தேர்வுக் காலத்திலும் மழைக்காலத்திலும் இடித்தல் அறவே கூடாது. நீர்நிலையை மீட்பதாயின், பெருங்கட்டடங்களிலிருந்தே மீட்பு தொடங்குதல் வேண்டும். 2022-இற் சட்டமன்றத்திற் கூறப்பட்ட உறுதிமொழி, வாய்ச்சொல்லாக நில்லாமல் சட்டமாதல் வேண்டும்.

விழுப்புரம், திண்டிவனம் வட்டத் தமிழன்பர்களே! ஏரிக்கரைத் தெருவுக்கோ வாய்க்காற்கரைக் குடிசைக்கோ அறிவிப்புத்தாள் வந்ததென்று கேள்வியுற்றால், அன்றே அங்குச் செல்லுங்கள். ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழிற் படித்துக் காட்டுங்கள். முறையீட்டை எழுதிக் கொடுங்கள். காலவரை கடக்குமுன் உரிய அலுவலர் கையிற் சேர்ப்பியுங்கள். மேடையில் முழங்கும் தமிழ், அத்தெருவில் ஒரு குடும்பத்தின் கூரையைக் காக்குமாயின், அதுவே தமிழுக்குச் செய்யும் மெய்யான தொண்டு.