கறுப்புக் கண்ணாடியும் காணும் உரிமையும்

தலைக்கவசத்தின் முகக்கண்ணாடி கறுப்பு. காரின் ஜன்னல் கண்ணாடியும் கறுப்பு. நம்மில் பலருக்கு இன்று இதுதான் மோகம். காவலர் நிறுத்தி அபராதம் விதித்தாலோ ஆத்திரம் பொங்குகிறது. “என் வண்டி, என் கண்ணாடி, இவர்களுக்கென்ன?” என்கிறோம். இந்தக் கேள்வி நியாயந்தானா?

வெயிலின் கொடுமையை மறுப்பாரில்லை. மாலையில் கோவையிலிருந்து வாளையாறு வழியாகப் பாலக்காடு வருவோர் மேற்கு நோக்கியே வருகின்றனர். சாயும் சூரியன் நேரே கண்ணைக் குத்துகிறது. அங்கே சற்று நிழல் கேட்பது ஆடம்பரமன்று, தேவை.

அதே கண்ணாடியோடு அந்தி வேளையில் போடிமெட்டிலோ குமுளியிலோ செல்லுங்கள். எங்கும் மூடுபனி. தேனி மாவட்டத்திலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் ஜீப்பில் வந்து திரும்பும் நம் மக்கள் சாலையோரம் நிற்பார்கள். கறுப்புக் கண்ணாடி எதிர்வண்டியின் விளக்கொளியையும் அவர்களது உருவத்தையும் ஒரே விகிதத்தில்தான் குறைக்கும். பாதியாகக் குறைந்த விளக்கு தெரியும். ஏற்கெனவே மங்கலான மனிதர் மறைந்தே போவார்!

சட்டம் நிழலுக்குப் பகையன்று. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-ஆம் விதி, காரின் முன், பின் கண்ணாடிகள் 70 விழுக்காடும், பக்கக் கண்ணாடிகள் 50 விழுக்காடும் ஒளியை விட வேண்டும் என்கிறது. எல்லைக்கு இருபுறமும் இதே அளவுதான். கண்ணாடிமேல் பிலிம் ஒட்டுவதையே 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தடுத்தது. 2021 ஏப்ரல் முதல் விதி திருத்தம் பெற்றது. அதைக் கொண்டு, ஒளியின் அளவு குறையாதவரை பிலிம் ஒட்டலாம் என 2024-இல் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இங்கேதான் கணக்கு வேண்டும். 70 விழுக்காடு ஒளி விடும் ஜன்னலில் 70 விழுக்காட்டுப் பிலிமை ஒட்டினால் மிஞ்சுவது 49 தான்! கடைக்காரர் சொல்வது பிலிமின் எண். சட்டம் கேட்பது இரண்டும் சேர்ந்த எண்.

அமெரிக்கக் கல்லூரிகளில் தலைக்கவசம் அணிந்து கால்பந்து ஆடுகின்றனர். அங்கே நிறமற்ற முகக்கண்ணாடிக்கே அனுமதி. ஏன்? அடிபட்டு விழுந்தவனுக்குக் கழுத்தெலும்பு முறிந்திருந்தால், கவசத்தைக் கழற்றுவதே ஆபத்து. கழற்றாமலே அவன் கண்களை மருத்துவர் பார்க்க வேண்டும். சாலையில் விழும் நம் தோழனுக்கும் இது பொருந்தாதா?

அதிகாரிகளுக்கு ஒரு சொல்: கண்மதிப்பால் தண்டிக்காதீர், கருவியால் அளந்து தண்டியுங்கள். தோழர்களுக்கு ஒரு சொல்: பகலுக்கு நிழற்கண்ணாடி இருக்கட்டும், இருளுக்கும் பனிக்கும் தெளிந்த கண்ணாடியை மாட்டுங்கள். கண்ணாடி நம்முடையதாக இருக்கலாம், சாலை எல்லாருடையது!