மதிலுக்கு எத்தனை கல்?

யாழ்ப்பாணத்தில் மதில் எழுப்ப எண்ணும் எவரும் முதலிற் கேட்கும் கேள்வி இது. விடை சொல்பவர் மேசன். காணியைக் கண்ணால் அளந்து, "ஒரு இரண்டாயிரத்தைந்நூறு இறக்குங்கோ" என்பார். கேட்டவர் தலையாட்டுவார், லொறி வரும். பிள்ளையைக் கணித ரியூசனுக்கு அனுப்பத் தவறாத சமூகம், தன் வீட்டு மதிலின் பெருக்கற் கணக்கை அடுத்தவர் வாயில் விட்டுவிடுவது வெட்கத்துக்குரியது.

கணக்கு கடினமானதன்று. முறையான சீமெந்துக் கல், இடைச்சாந்தின் அரை அங்குலத்தையும் சேர்த்து, சுவரின் முகத்தில் 16 அங்குல நீளமும் 8 அங்குல உயரமும் பிடிக்கும். அதாவது 8 சதுர அடிக்கு 9 கற்கள். இரண்டு பரப்புக் காணியொன்றை எடுத்துக்கொள்வோம்: நீளம் 90 அடி, அகலம் 60½ அடி. சுற்றளவு 301 அடி. கேற்றுக்கு 12 அடி விட்டால் மிச்சம் 289. ஆறடி உயரத்துக்கு 1734 சதுர அடி. தேவை 1951 கற்கள். உடைவுக்கென நூற்றுக்கு ஐந்து சேர்த்தாலும் 2050ஐத் தாண்டாது. தூண்கள் பிடிக்கும் இடத்தைக் கழித்தால் இன்னும் குறையும். அத்திவாரம் தனிக்கணக்கு.

மேசனைப் பழிப்பது என் நோக்கமன்று. கல் குறைந்தால் வேலை நிற்கும். குற்றம் அவர் தலையில் விழும். ஆகவே கூட்டிச் சொல்கிறார். கல் விற்பவருக்கும் அதில் நட்டமில்லை. தொகையைச் சொல்பவர் பணம் கொடுப்பதில்லை; பணம் கொடுப்பவர் கணக்குப் பார்ப்பதில்லை. பல வேளைகளில் அவர் இருப்பது ரொறன்ரோவிலோ இலண்டனிலோ.

இதனினும் கொடியது அளவு குறைந்த கல். 14 அங்குலத்துக்கு 7 அங்குலக் கல் வந்து இறங்கினால், அதே மதிலுக்கு உடைவு நீங்கலாகவே 2296 கற்கள் வேண்டும். 345 கற்கள் மேலதிகம். சீமெந்துக் கல்லுக்கு இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் நியமம் உண்டு. ஆயினும், விலையை விசாரிக்கும் நாம் கல்லை அளந்து பார்ப்பதில்லை.

வசதி உள்ளவருக்கு இது சில்லறை நட்டம். 2012 முதல் இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபாவைக் கட்டம் கட்டமாகப் பெற்று, கல்லையும் மணலையும் கூலியையும் தாமே தீர்மானித்து வீடு கட்டிய குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். அத்தகைய வீட்டில் 400 கல் மிஞ்சினால், கூரைக்குரிய பணம் முற்றத்திற் குவிந்து கிடக்கிறது என்றே பொருள்.

மண்ணுக்கும் நட்டம் உண்டு. வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத குடாநாடு இது. மணல் தேவையென்றால் மணற்காட்டு மணற்குன்றுகள் மீதே கண் போகிறது. 450 கற்களின் கனவளவு ஏறத்தாழ இரண்டு கியூப். மிஞ்சிய கல் மதிலோரத்தில் பாசி பிடித்துக் கிடக்க, அங்கே குன்று கரைகிறது.

கிடுகு வேலி அடைத்த காலத்தில், எத்தனை கிடுகு, எத்தனை கதியால் என்பது வீட்டுக்காரருக்கே தெரிந்திருந்தது. தாமே பின்னிய கிடுகை வீணாக்க எவருக்கும் மனம் வராது. வேலி போய் மதில் வந்தபோது அந்தக் கணக்கும் போயிற்று.

பிரதேச சபைகள், கல் அரியும் இடங்களிற் கல்லின் அளவைப் பலகையில் எழுதி வைக்கச் செய்யட்டும். நாம் செய்ய வேண்டியது அதனினும் எளிது. வாங்குமுன் ஒரு கல்லை அளவுநாடாவால் அளவுங்கள். மதிலின் பரப்பைத் தாளில் எழுதிப் பெருக்குங்கள். லொறியிலிருந்து இறக்கும்போது எண்ணுங்கள். மேசனிடம் எத்தனை கல் என்று கேட்காதீர்கள். உங்கள் கணக்கை அவரிடம் காட்டி, பிழை இருந்தால் திருத்தச் சொல்லுங்கள்.