கொற்கைக் குளத்துல பழைய காசு தேடினா லாபமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்

முழங்கால் தண்ணியில மெட்டல் டிடெக்டரோட இறங்கி, பழைய காசை எடுத்துக் காட்டுற வெளிநாட்டு வீடியோவை நம்மில் பலர் பார்த்திருப்போம். "நமக்குத்தான் கொற்கை இருக்கே, ஒரு மெஷினை இஎம்ஐ-ல வாங்கினா என்ன?"ன்னு தோணும். தோணுறது நியாயம்தான். முத்துக்குப் பேர்போன பாண்டியர் துறைமுகம் அது. தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் சேர்ந்து, கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போயிருச்சு.

ஆனா என் கருத்து: இதுல ஒரு ரூபாய்கூட போடாதீங்க.

1878-ம் வருஷத்து இந்தியப் புதையல் சட்டம் இன்னும் அமல்ல இருக்கு. மண்ணுல புதைஞ்சு கிடந்த பொருளோட மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே, கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்கணும். மறைச்சா உங்க பங்கு போயிரும். ஒரு வருஷம் வரை ஜெயிலோ அபராதமோ, ரெண்டுமோ கிடைக்கலாம். மாசச் சம்பளக்காரருக்கு இது சின்ன ரிஸ்க் இல்ல.

சரி, நேர்மையா ஒப்படைச்சா? அரசு அதை எடுத்துக்க முடிவு பண்ணினா, சட்டம் சொல்ற விலை: உலோகத்தோட மதிப்பு, கூட அதுல அஞ்சில் ஒரு பங்கு. செம்பு கிலோ 1,000 ரூபாய்னு வச்சுக்குவோம். 5 கிராம் செப்புக்காசுக்கு 5 ரூபாய், மேல 1 ரூபாய். மொத்தம் 6 ரூபாய். ஒரு டீ கூட வராது!

இங்கிலாந்துல 1996-ம் வருஷச் சட்டப்படி, புதையலை மியூசியம் எடுத்துக்கிட்டா மார்க்கெட் விலைக்கு ஈடா வெகுமதி உண்டு. அந்த வீடியோக்களோட ரகசியம் மெஷின் இல்ல, சட்டம்.

விக்கவும் வழி கஷ்டம். 1972-ம் வருஷத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருஷம் தாண்டின பொருளை வியாபாரம் பண்ண லைசென்ஸ் வேணும்; தனியாள் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது.

பணத்தைத் தாண்டி இன்னொரு நஷ்டமும் இருக்கு. 1968-69 அகழாய்வுல கிடைச்ச கரியைச் சோதிச்சப்போதான், கொற்கையோட காலம் கி.மு. 8-ம் நூற்றாண்டு வரை போகுதுன்னு தெரிஞ்சது. டிடெக்டர் கரித்துண்டுக்குச் சத்தம் போடாது. காசுக்காக நாம கிண்டினா, காலத்தைச் சொல்ற மண்ணடுக்கு கலைஞ்சிரும். அதை எந்தக் காசு கொடுத்தும் திரும்ப வாங்க முடியாது.

அதே சமயம், சட்டம் மாறணும்னும் சொல்றேன். வயல்ல உழும்போது தற்செயலா காசு கிடைச்சவர்கிட்ட 6 ரூபாயை நீட்டினா, அடுத்த காசு கலெக்டர் ஆபீசுக்கு வராது, பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும். நேர்மைக்கு நியாயமான விலை கொடுத்தா, பொருளும் மிஞ்சும், வரலாறும் மிஞ்சும்.

அதுவரைக்கும், டிடெக்டருக்கு எடுத்து வச்ச இஎம்ஐ காசை ஒரு ஆர்.டி.யில போடுங்க. கொற்கைக்கும் ஒரு நாள் போய்ட்டு வாங்க, வெறுங்கையோட!

இந்தச் சட்டம் மாறணுமா, வேண்டாமா? உங்க கருத்தைக் கமெண்ட்ல சொல்லுங்க.