விலகல் கடிதம் எழுதுமுன்

பிழைப்பை நாடி வெளிமாநிலம் வந்த குடும்பத்திற்கு உழைப்பவரின் உடல்நலமே முதற்பொருள். அவர் விபத்திலே காலையோ நோயினால் பார்வையையோ இழந்துவிட்டால், 'வேலையை விட்டு ஊருக்கே போய்விடுவோம்' என்றுதான் வீட்டார் முதலில் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் இயல்பானதே. ஆயினும், இரயில்வேயிலோ பிற அரசு நிறுவனத்திலோ பணிபுரிபவர் அவசரப்பட்டு விலகுவது, சட்டம் தந்த உரிமையைத் தம் கையாலேயே துறப்பதாகும்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. பணிக்காலத்தில் உடற்குறை நேர்ந்த ஊழியரை அரசு நிறுவனம் பணியிலிருந்து நீக்குவதோ பதவியிறக்குவதோ கூடாது என்கிறது அதன் 20-ஆவது பிரிவு. பழைய வேலை அவருக்கு இயலாதெனின், அதே சம்பள விகிதமும் சலுகைகளும் உள்ள வேறு வேலைக்கு மாற்றுதல் வேண்டும். வண்டி ஓட்டியவர் அலுவலகத்தில் பதிவேடு எழுதலாமன்றோ? அவ்வாறு மாற்ற இயலாவிடின், தக்க இடம் கிடைக்கும் வரையிலோ ஓய்வு வயது வரையிலோ, எது முந்துகிறதோ அதுவரை, அவருக்கெனக் கூடுதற் பணியிடம் ஒன்றில் வைத்திருத்தல் வேண்டும்.

அரசின் அறிவிக்கையால் விலக்குப் பெற்ற நிறுவனங்களும் உண்டு. தனியார் நிறுவனங்களை இக்காப்பு கட்டுப்படுத்தாது. ஆதலின், தாம் பணிபுரியும் இடம் எவ்வகையினது என்பதை முதலில் கேட்டறிதல் நலம்.

அடுத்து, மாற்று வேலை கோரும் விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, அதன் நகலைப் பத்திரப்படுத்துக. மறுப்பு வந்தால், அந்நிறுவனத்தின் குறைதீர்க்கும் அலுவலரிடம் முறையிடலாம். முறையீடு பதிவான இரண்டு வாரத்திற்குள் அவர் விசாரித்தல் வேண்டும். அதிலும் நிறைவில்லையெனின், மாவட்டக் குழுவை அணுகலாம்.

ஊனச் சான்றிதழை எம்மாநிலத்தில் பெற்றாலும் அது நாடு முழுவதும் செல்லும். தமிழ்நாட்டிலே வாங்கிய சான்றிதழுடன் இங்கு வேலை தேடும் நம் பிள்ளைகள் இதனை நினைவிற் கொள்க. ஊன அளவு 40 விழுக்காட்டிற்குக் குறையாதவர்க்கு அரசுப் பணியிடங்களில் குறைந்தது 4 விழுக்காடு ஒதுக்கவும் அச்சட்டம் வகை செய்துள்ளது.

சங்கத்து அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கணவர் மருத்துவமனையில் கிடக்கும் வேளையில், இவ்வூர் மொழி அறியாத மனைவியின் முன் ஒரு தாள் நீட்டப்படலாம். அதிலே எழுதியிருப்பது விடுப்பு விண்ணப்பமா, விலகல் கடிதமா என்று படித்துச் சொல்ல ஒருவர் உடனிருத்தல் வேண்டும். இவ்வூர் மொழி கற்ற நாம் அந்த ஒருவராய் இருப்போமாக.